கவனக்குறைவு

அன்று அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். மனநல டொக்டர், அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொன்ன தாதி, காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணன், அவருடைய மனைவியான மதினி, மதினியைப் பெற்ற வாப்பா, பிறகு நான். எனக்குக் கதிரை இல்லை, கதவோரம் நின்றேன். இருந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

காக்கா கல்முனைப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். கை நல்ல கை. ஆனால் சுவரை வெட்டிப் போட்டுவிட்டு வயர் வாங்கப் போனால், போகிற வழியில் யாருடையதோ பழுதான மோட்டாரைக் கழற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார். மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர மறந்து, அது வெயிலில் நின்றது ஒரு தரமா இரண்டு தரமா! கோபத்தில் வார்த்தை முந்திவிடும். பிறகு அவரே அழுவார். சோம்பேறி என்றார்கள், செய்வினை என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள். போனில் ஒரு டொக்டர் பேசிய வீடியோவைப் பார்த்துத்தான், பெரிய ஆட்களுக்கும் இப்படியொரு நோய் வருத்தம் இருக்கிறது என்று அறிந்து, காக்காவைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய் வாழ்வான். அவர்கள் போதும் என்றால் அவனுக்குப் படுக்க இடமில்லை. மதினியின் வாப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்: "டொக்டர் நோய் எண்டு சொன்னா என்ட புள்ளயப் போல வெச்சிப் பாக்கிறன். இல்லாட்டி என்ட மகள்ட வீட்டு வளவுக்குள்ள இனி அவருக்கு வேல இல்ல."

அதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

டொக்டர் பொறுமையாக நிறையக் கேட்டார். சின்ன வயதில் எப்படி, வகுப்பில் எப்படி என்று. "மிஸ், நான் படிச்சதெல்லாம் வகுப்புக்கு வெளிய நிண்டுதான்" என்றார் காக்கா தாதியிடம். தாதி சிரித்துவிட்டாள். கடைசியில் டொக்டர் நீளமாக ஏதோ சொன்னார். தாதி கொஞ்சம் யோசித்தாள்.

"இவருக்கு இரிக்கிறது கவனக்குறைவு. சின்னதில இருந்தே இரிக்கி."

மதினியின் வாப்பா தொடையில் தட்டினார். "அல்லாஹ்வே! இதச் சொல்லவா டொக்டருக்குப் படிச்சவரு? பத்து வருசமா நாங்களும் இதத்தானே கதைக்கிறம்!"

"இல்ல ஹாஜியார், அது வேற, மூளையில..." என்று தாதி தொடங்கினாள்.

"போதும் மகள். டொக்டரே சொல்லிட்டாரு." எழும்பிவிட்டார்.

ஏதாவது சொல்லுங்களேன் என்பது போல மதினி காக்காவைப் பார்த்தாள். காக்கா மேசையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் வாப்பாவின் பின்னால் போனாள்.

பிறகு, தமிழில் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். டொக்டர் சொன்ன கவனக்குறைவு ஏச்சு இல்லையாம், நோயின் பேராம். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதில் மூளைக்கே உள்ள குறைபாடாம். மனம் வைத்தால் போய்விடுகிற காரியம் இல்லையாம். காக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அப்ப நான் கெட்டவன் இல்லயா தங்கச்சி?" நாற்பது வயது ஆள் கேட்கிற கேள்வியா அது?

அந்த விளக்கத்தைச் சுமந்துகொண்டு மதினி வீட்டுக்கு ஓடினேன். "சோம்பேறித்தனத்துக்கு நோயெண்டு பேரொண்டு தேடிட்டு வந்திரிக்கா" என்று அவளுடைய வாப்பா வாசல் கேற்றைச் சாத்தினார். சில மாதங்களில், விவாகரத்து வழக்குகளைத் தீர்க்கும் காதியாருக்கு முன்னால் பிரிவும் முடிந்தது.

இப்போது காக்கா என் வீட்டில் இருக்கிறார். மாத்திரை எடுக்கிறார். கிளினிக் நாளை நான் ஞாபகப்படுத்துகிறேன். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யப் பழக்கியிருக்கிறார்கள். சுகமா என்று கேட்பவர்களுக்கு சுகம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் முன்பு எதையும் நிலைத்து நினைக்காத மனிதர், இப்போது ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு வீட்டு வயரிங் முழுவதையும் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தரம். எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, மகளிடம் சொல்ல மதினியின் போன் இலக்கத்துக்குக் கோல் எடுத்திருக்கிறார். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று சிங்களத்தில் சொன்னதாம், தமிழில் சொன்னதாம், இங்கிலீசிலும் சொன்னதாம்.

"மூண்டு பாஷையிலயும் ஒரே கதைதான் தங்கச்சி" என்றார்.