ஒரு சுற்று கூடுதல்

என் அக்கா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறாள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவளுக்கு இருபத்திரண்டு வருடத் தொழில். வேலையில் அவளைக் குறை சொல்லும் துணிச்சல் உள்ள ஒரே ஆள் அத்தான். உப்புப் பெறாத விஷயத்துக்கும் அரை மணி நேரம் பேசுவார். சாயங்காலமானால் ஹாம் ரேடியோவில் கண்காணாத ஊர்க்காரர்களோடு பேச்சு. அதற்கு முறையாக லைசென்ஸ் வைத்திருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் லவுட்ஸ்பீக்கர்.

போன வருடம் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போனது. வீட்டுக்கு வந்த வாரமே ரேடியோவை விற்றுவிட்டார். ஒரு சிலேட்டில் ‘தண்ணி’, ‘சரி’, ‘வேண்டாம்’ என்று எழுதுவார், அவ்வளவுதான். பதினோரு மாதம் இப்படியே போனது. வீடு வீடாக இல்லை. எனக்கே அங்கே போகப் பிடிக்கவில்லை.

தந்தி போலத் தட்டித் தட்டிச் சேதி அனுப்பும் மோர்ஸில் பேசக் குரல் வேண்டாம், விரல் போதும் என்று யாரோ அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். உடனே ஒரு கிட் வரவழைத்தாள். உதிரி பாகங்களாக வரும், நாம்தான் சாலிடர் வைத்து ரேடியோவாக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கடை விரித்தாள். அத்தான் எதிரே உட்கார்ந்து பார்த்தார், கை வைக்கவில்லை. மோதிரம் அளவிலான மூன்று வளையங்களில் கம்பி சுற்ற வேண்டியிருந்தது. நான் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன்.

“எனக்கா சுத்தச் சொல்லித் தர்றே? போடா.”

ஞாயிறு காலை சோதனை. ஏரியலுக்குப் பதிலாக, சக்தியை வாங்கிக்கொண்டு சூடாவதற்கென்றே உள்ள டம்மி லோடை மாட்டி மீட்டரைப் பார்த்தோம். ஐந்து வாட் காட்ட வேண்டியது ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லா சாலிடரையும் மறுபடி சூடாக்கினாள். மாற்றமில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாகக் குறிப்பைப் படித்தாள். வளையத்துக்குள் கம்பி முதல்முறை நுழைந்தாலே அது ஒரு சுற்றாம். அக்கா கடைப் பழக்கத்தில், முழுதாகச் சுற்றி வந்த பிறகே ஒன்று என்று எண்ணியிருந்தாள். மூன்றிலும் ஒரு சுற்று கூடுதல். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையில் சூடான சாலிடரிங் அயர்ன் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இது தெரியும்ல?”

ஆமாம் என்று தலையசைத்தார்.

“நான் சுத்தும்போதே பாத்தீங்க. அப்ப ஏன் சொல்லல?”

சிலேட்டை எடுத்து எழுதினார்: ‘ரேடியோ வேலை செஞ்சா பேசணுமே.’

“பேச வேணாம். யார்கிட்டயும் பேச வேணாம். நான் தப்பா சுத்தறத பாத்துட்டு சும்மா இருந்தீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல.”

அவள் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது.

அத்தான் வளையங்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றைப் பிரித்தார். சிலேட்டில் ‘சாலிடரும் படுமோசம்’ என்று எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

“அப்ப நீங்களே வைங்க,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அயர்னை நீட்டினாள்.

மீட்டர் ஐந்துக்கு ஏறியது. ஏரியலை மாட்டினோம். அத்தான் மோர்ஸில் தட்டினார். இரண்டு முறை பதிலில்லை. மூன்றாவது முறை எங்கிருந்தோ மெல்லிசாகப் பீப் பீப் என்று வந்தது. அவர் முன்னால் குனிந்தார்.

“யாரு? என்ன சொல்றாங்க?” அக்கா சிலேட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

அத்தான் அவளைப் பார்க்காமலே, கொஞ்சம் இரு என்று இடது கையைக் காட்டிவிட்டுத் தட்டிக்கொண்டே போனார். அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அரை மணி நேரமாகியும் அவளுக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.