சும்மாதான் போகிறேன்: ஆவடியிலிருந்து திருமழிசைக்கு மண்பாதையில்

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்கு முந்தைய மாதம் நாங்கள் எட்டுப் பேர் பட்ட அவமானம்தான் காரணம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அயப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சைக்கிள் குழு உண்டு. ஏழு ஆண்கள், நான் ஒருத்தி. அவர்கள் எல்லாரும் ஐ.டி. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், சொந்த ஊர் கரூர். தார்ச்சாலை அலுத்துப்போய், மண்பாதைக்கென்றே வரும் அகல டயர் 'கிராவல்' சைக்கிள் வாங்கி, கூவம் கரையோரமாகப் போய்வந்துகொண்டிருந்தோம். காடுவெட்டிப் பாலத்துக்கு மேற்கே மனை பிரித்த யாரோ அந்தப் பாதையின் குறுக்கே, தூக்கி இறக்கும் இரும்புக் குழாயால் ஒரு கேட்டைப் போட்டுவிட்டார்கள். பாதை என்னவோ பொதுப்பாதை. ஊர்க்காரர்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு, டிராக்டரையும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எங்களை மட்டும் காவலாளி நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

குழுவை நடத்தும் சேகர் சட்டென்று "கோயிலுக்கு" என்றார். எந்தக் கோயில் என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரே நேரத்தில் ஒருவர் மாங்காடு என்றார், ஒருவர் திருவேற்காடு என்றார், சேகர் திருமழிசை என்றார். மூன்றும் மூன்று திசை. ஹெல்மெட்டும் கூலிங் கிளாஸும் அரைக்கால் சட்டையுமாக நின்ற பக்தர்களை அந்த மனிதர் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றே குழுவில் முடிவாகிவிட்டது: இனி மண்பாதை வேண்டாம், பைபாஸ் சர்வீஸ் ரோட்டிலேயே ஓட்டுவோம். எனக்கு வந்ததே கோபம்! பொதுப்பாதையை ஒரு இரும்புக் குழாய்க்கு விட்டுக்கொடுப்பதா? சேகர் சிரித்துக்கொண்டே சவால் விட்டார். "நீங்க முதல்ல போயிட்டு வாங்க மேடம். உங்களை விட்டாங்கன்னா நாங்களும் வர்றோம். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்." சரி என்றேன். கூடவே ஒரு நிபந்தனையை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

காலை 5.45க்குக் கிளம்பினேன். பருத்திப்பட்டு ஏரி ஏழு கிலோமீட்டர் இருக்கும். ஆவடியில் முதல் ஷிஃப்ட் ஆட்கள் டிபன் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டம். தண்ணீரில் நாமக்கோழிகள் இவர்களைச் சட்டை செய்யாமல் முங்கி எழுந்தன. இங்கிருந்து காடுவெட்டி வரை பூந்தமல்லி சாலைதான், வேறு வழி கிடையாது. தண்ணீர் லாரிகள் உயிரை வாங்கும். வெயிலுக்கு முன்னால் அல்ல, லாரிகளுக்கு முன்னால் இந்த மூன்று கிலோமீட்டரைக் கடந்துவிடுங்கள்.

பாலத்துக்குப் பக்கத்தில் டீ குடித்தேன், பதினைந்து ரூபாய். கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"இது இன்னா சைக்கிள்மா?"

"கிராவல் சைக்கிள்."

"அப்டியா!" என்று குரலைத் தணித்தார். "லோடு இப்போ இன்னா ரேட்டு போவுது?"

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்தப் பக்கம் கிராவல் என்றால் ராத்திரியில் லாரியில் போகும் செம்மண். நான் சைக்கிளில் வந்து மண் வியாபாரம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஆகவே நண்பர்களே, 'கிராவல் ரைடு' என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள்.

பாலத்திலிருந்து கரையில் இறங்கினால் ஊரே மாறிவிடும். கூவம் என்றதும் மூக்கைப் பொத்துகிறவர்கள் இங்கே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். மழை முடிந்த தையில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் கோரை, நடுவில் கொக்குகள். பாதை செம்மண்ணும் சரளைக் கல்லும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சுகமாக உருளும். ஒரு கிலோமீட்டர் போனதும், மஞ்சளும் கறுப்பும் அடித்த அந்தக் கேட் வந்தது.

அதே காவலாளி. ஐம்பது வயதிருக்கும், நீலச் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி.

"எங்கம்மா போறே?"

"திருமழிசை பக்கம்."

"எதுக்கு?"

"சும்மாதாங்க."

அவர் எழுந்தே விட்டார். "சும்மான்னா இன்னா அர்த்தம்? யாரையாச்சும் பாக்கப் போறியா?"

"இல்லைங்க."

"மனை வாங்கவா?"

"இல்லைங்க. சும்மா ஓட்டிட்டுப் போறேன்."

அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "த பாரும்மா, சும்மா போறவங்கள உடக்கூடாதுன்னு ஆர்டர். கோயிலுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, தூக்கி உட்டுடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. திருமழிசையில் கோயிலும் இருக்கிறது, நான் கும்பிடவும் செய்வேன். சொல்லியிருக்கலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. நாற்பத்திரண்டு வயதாகிறது. கடைக்கு, ஸ்கூலுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று காரணம் சொல்லித்தான் இத்தனை வருஷமும் வாசலைத் தாண்டியிருக்கிறேன். ஆற்றங்கரைக்கும் ஒரு காரணம் வேண்டுமா? "சொல்ல மாட்டேங்க. திரும்பியும் போக மாட்டேன்" என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு வழியிலேயே உட்கார்ந்தேன். உள்ளுக்குள் பயம்தான். திரும்பிப் போனால் சேகர் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அதைவிடப் பெரிய பயம்.

அவர் யாருக்கோ போன் போட்டார். "சார், ஒரு அம்மா வந்து குந்திகினு கீது... காரணம் கேட்டா சும்மாங்குது... இல்ல சார், சும்மாவாம்... அதான் சார், சும்மா!" அந்தப் பக்கத்து ஆளுக்கும் புரியவில்லை போலிருக்கிறது.

அதற்குள் பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னும் பின்னும் துணி மூட்டை, நடுவில் புர்கா போட்ட ஒரு பெண். பூந்தமல்லி ஜீனத். ஞாயிறுதோறும் கரையோர ஊர்களில் நைட்டி விற்கிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். காவலாளி அவரை ஒன்றும் கேட்காமலே கேட்டைத் தூக்கினார். ஜீனத் நேராகக் கேட்டுக்கு நடுவில் வந்து வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"இன்னா அண்ணாத்தே, அந்தக்கா எதுக்கு கீய குந்திகினு கீது?"

"காரணம் சொல்ல மாட்டேங்குதுமா."

"என்னை மட்டும் ஏன் கேக்கல?"

"நீ யாவாரத்துக்குப் போறே. அது தெரிஞ்சதுதானே?"

ஜீனத் மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார். "இன்னிக்கு நான் யாவாரத்துக்குப் போவல. நானும் சும்மாதான் போறேன். இப்போ இன்னா பண்ணுவே?"

தலைக்கு மேல் கேட்டைத் தாங்கிக்கொண்டு நின்ற மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்கினால் ஜீனத் தலையில் இறங்கும். போனில் "சார், அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, "போங்கம்மா, ரெண்டு பேரும் சும்மாவே போங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுததை மறைக்க மிதித்த மிதியில் சங்கிலி கழன்றது வேறு கதை.

அங்கிருந்து கண்ணப்பாளையம் வரை மண்பாதை, அப்புறம் ஊர்ச் சந்துகள் வழியாகத் திருமழிசை, மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் வரும். இரண்டு பழைய கோயில்கள், சைவத்துக்கு ஒன்று, வைணவத்துக்கு ஒன்று. இரண்டிலும் கும்பிட்டேன். இப்போது அது பொய் இல்லை. பூந்தமல்லியில் இட்லி வடை சாப்பிட்டு, திருவேற்காடு வழியாக வீடு திரும்பினேன். மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், வழியில் நின்றதையும் சேர்த்து ஐந்து மணி நேரம்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேரும் போனோம். கேட்டில் அதே கேள்வி. சேகரின் வாய் பழக்கதோஷத்தில் "கோயி..." என்று ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மனிதர் மீதியை விழுங்கிக்கொண்டு, "சும்மாங்க" என்றார். கேட் மேலே போயிற்று.

ஆனால் கேட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பொதுப்பாதையில் அது இருக்கவே கூடாது. நாலு பேர் போகாவிட்டால், நாளைக்கு அதைச் சுவராக்கிவிடுவார்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போகலாம், அதற்கு மேல் புழுதி. நாய்கள் துரத்தினால் இறங்கி நடங்கள், அவை அடங்கிவிடும். ஒரு மாற்று டியூப், பம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.