நாலாவது படத்தில் திரும்பிய முகம்

1958 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. இரண்டு மணிக்குப் பிடித்த மழை அப்போதும் விடவில்லை, சிராங்கூன் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் இருக்கிறது என்று என் மருமகள் கேட்கிறாள். துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் நான், எண்ணாமல் எதையும் விட்டதில்லை. பேய், ஆவி, சகுனம் எதையும் நம்பியவனும் இல்லை, இன்றும் நம்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. கேமரா ஆடிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கேமரா ஆடவில்லை. இரண்டு லென்சு வைத்த, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா அது. மேல் லென்சு நமக்குக் காட்டும், கீழ் லென்சு படம் பிடிக்கும். அதனால் படம் விழுகிற நேரம் முழுவதும் எதிரே இருப்பது கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்கும். அதோடு புதிதாக ஒரு முக்காலியும், கேமராவின்மேல் கை படாமலே ஷட்டரைத் தட்ட ஒரு கம்பி விசையும் வாங்கியிருந்தேன். அன்று காலை அவற்றைச் சோதிப்பதற்காகத்தான் நானும் ஜோசப்பும் காலாங் ஆற்றுப் பக்கம் போய், வற்றின சேற்றில் சாய்ந்து கிடந்த தொங்காங்குச் சரக்குப் படகுகளை எடுத்துக்கொண்டிருந்தோம். ஜோசப் பள்ளிக்கூட வாத்தியார், என்னைப்போலவே படப் பைத்தியம். அவர் வீட்டுக் குளியலறைதான் எங்கள் இருட்டறை. எட்டுப் படம் எடுத்ததும் வானம் கறுத்தது. பன்னிரண்டு படச் சுருளில் நாலு மிச்சம். வீணாக்க மனமில்லாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சட்டை பிழிய நனைந்து தங்கராசு வந்து நின்றது அப்போதுதான். என்னோடு கிடங்கில் வேலை பார்க்கிற பையன், இருபத்தெட்டு வயது.

"அண்ணே, கேமராவை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் வரணும்."

"இந்த மழையிலயா?"

"எங்க அண்ணன் நேத்து ராத்திரி போயிட்டாரு. அஞ்சு மணிக்கு வண்டி வந்துடும்."

அவன் அண்ணன் வேலாயுதத்தோடு எனக்கு முகப்பழக்கம் உண்டு. பக்கத்துச் சந்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்து, அதே கடையின் மாடியில் தங்கியிருந்தவர். நாற்பத்தாறு வயது, மூன்று நாள் காய்ச்சல். அந்தக் காலத்தில் இங்கே ஒருவர் இறந்தால், உடலைச் சுற்றி வேண்டியவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். கடல் தாண்டி வரமுடியாதவர்கள் முகம் பார்ப்பதற்கு வேறு வழி இல்லை. ஆனால் வேலாயுதத்தின் படம் வெறும் வழக்கத்துக்காக இல்லை. நடந்துகொண்டே தங்கராசு அதைச் சொன்னான்.

ஜப்பான்காரன் காலத்தில் வேலாயுதத்தைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கேயே செத்துப்போனார் என்று யாரோ ஊருக்குச் சொல்லி, மன்னார்குடிப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி செல்லம்மா தாலியைக் கழற்றி, காரியமும் முடித்துவிட்டாள். சண்டை ஓய்ந்தபின் மனிதர் உயிரோடு ஊருக்கே போய் வாசலில் நின்றிருக்கிறார். மறுபடி தாலி கட்டி, கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1948இல் திரும்பவும் கப்பலேறினார்.

"இனிமே எவன் வந்து சொன்னாலும் கழட்டமாட்டேன், முகத்தைப் பார்த்தாத்தான்னு அண்ணி அப்பவே சொல்லிடுச்சுண்ணே. முகம் தெளிவா விழணும். இல்லாட்டி அது சாகற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கும்."

மாடி அறை குறுகல். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்ட நீள பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. கால்மாட்டில் மாடிப்படி, தலைமாட்டில் சுவர். பெஞ்சுக்குப் பின்னால் பதினாலு பேர் நிற்க, பக்கவாட்டில்தான் நான் கேமராவை நிறுத்த முடிந்தது. குனிந்து பார்த்தேன். கூரையைப் பார்த்துக் கிடந்தவரின் மூக்கும் ஒரு கன்னமும்தான் தெரிந்தன.

"ஒருபக்க முகத்தை அனுப்பினா அண்ணி ஒத்துக்காது" என்றான் தங்கராசு. அவனும் இன்னொருவரும் சேர்ந்து தலையை என் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். விறைத்துப்போன கழுத்து அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தார்கள்.

"விட்டுடுங்கப்பா, வலிக்கப் போகுது" என்று பின்னால் ஒரு கிழவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஃபிளாஷ் பல்பு என்னிடம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முழு வினாடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அந்த ஒரு வினாடி யாரும் அசையக்கூடாது, எல்லோரும் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று பதினாலு பேருக்கும் சொன்னேன். நாலு படம் எடுத்தேன். நாலு தடவையும் கண்ணாடியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. படுத்திருந்தவர் கூரையைத்தான் பார்த்துக் கிடந்தார். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

மறுநாள் மாலை ஜோசப் வீட்டில் சுருளைக் கழுவினோம். பெரிதாக்கும் கருவி எங்களிடம் கிடையாது, அதற்காக நூற்றிருபது வெள்ளி சேர்த்து வைத்திருந்தேன். நெகட்டிவை நேராகக் காகிதத்தின்மேல் வைத்து, தீப்பெட்டி அளவுப் படங்களாகத்தான் போட்டோம். தொங்காங்குகள் எட்டும் கத்திபோல வந்தன. ஒன்பதாவதில் மூக்கும் கன்னமும், சரியாக இருந்தது. பத்தாவது மருந்தில் மேலெழும்பியபோது ஜோசப் சிவப்பு விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"கணக்கப்பிள்ளை, யாரு இவரைப் பிடிச்சு ஆட்டினது?"

பின்னால் நின்ற பதினாலு பேரின் சட்டைப் பித்தானைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். படுத்திருந்தவரின் முகம் மட்டும் ஈரத் துணியால் இழுத்துத் துடைத்ததுபோலக் கலைந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் அந்தக் கலைவு கேமரா பக்கமாக இன்னும் நகர்ந்திருந்தது. கடைசிப் படத்தில் கலைவே இல்லை. முழு முகமும் எங்கள் பக்கம் திரும்பி, கண் மூடி, தாடைக்கட்டோடு, தெளிவாக இருந்தது.

ஜோசப் சிலுவை போட்டுக்கொண்டார். "எனக்கு இது வேண்டாம்லா. நீங்களே கழுவுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். மீதியை நான் ஒருவனாகவே முடித்தேன்.

தங்கராசு படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, "நீங்க கேமராவை ஆட்டிட்டீங்கண்ணே" என்றான்.

"ஆட்டியிருந்தா பதினாலு பேரும் கலைஞ்சிருக்கணும். பெஞ்சு கலைஞ்சிருக்கணும். உங்க அண்ணன் மட்டும் எப்படிக் கலைவார்?"

"அப்ப யாரு திருப்புனா? நானே பிடிச்சுத் திருப்பி முடியலையே."

ஆட்டினேன் என்ற பழியை ஏற்க முடியாது. அடுத்த ஞாயிறு அதே மாடி, அதே பெஞ்சு, அதே நேரம், ஜோசப்பைப் படுக்க வைத்து ஒரு முழுச் சுருளையும் எடுத்தேன். "செத்தவனா நடிக்கிறதுக்குக் கூலி உண்டா, இல்ல பிரியாணியோட சரியா?" என்று கேட்டுக்கொண்டே படுத்தார் மனிதர். பன்னிரண்டு படத்திலும் மூக்கும் கன்னமும், மயிரிழை பிசகவில்லை. முக்காலி சரி, ஷட்டர் சரி, நான் சரி.

ஒரு ஸ்டூடியோக்காரர் வேலாயுதத்தின் அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, கண்ணை மூடி வரைந்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். தங்கராசு சம்மதித்துவிட்டான். எல்லாவற்றையும் எரித்துவிடச் சொன்னார்கள் வேறு சிலர். நான் முடியாது என்றேன்.

"ஒருதடவை பொய்ச் செய்திக்குத் தாலி கழட்டின பொம்பளைக்குப் பொய்ப்படம் அனுப்பக்கூடாது. விழுந்தது எதுவோ அதைக் காட்டு."

"இதைப் பார்த்தா, தலையைத் திருப்புறாரே, உசுரோட இருக்காருன்னுதாண்ணே சொல்லும். தபால்ல போய் விழுந்தா யாரு பக்கத்துல இருந்து விளக்குவா?"

"அப்ப நீயே கொண்டுபோ."

"கப்பலுக்குக் காசு?"

பெரிதாக்கும் கருவிக்கு வைத்திருந்த நூற்றிருபதையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மீதியை அவன் போட்டுக்கொண்டான். நாலு படத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். கிடங்குக்குப் பின்னால் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணி நாலையும் தரையில வரிசையா வச்சுதுண்ணே. நான் ஒண்ணும் வாயத் திறக்கலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அதுவாவே சொல்லுது, 'போன தடவை கப்பலுக்குப் புறப்படறப்ப, பயணம் போறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, நேராப் போங்கன்னு நான்தான் சொன்னேன். அதே மாதிரி தெருக்கோடி வரைக்கும் திரும்பாமலே போனாரு. பத்து வருசம் கழிச்சு இப்பத்தான் திரும்பிப் பார்க்கிறாரு. இனி வரமாட்டாரு.' அன்னைக்குச் சாயங்காலமே கழட்டிடுச்சு."

நான் பிடித்த பிடிவாதம் வீண் போகவில்லை. அந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தங்கராசு சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான்.

"மூணை வச்சுக்கிச்சு. இதை மட்டும் உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிச்சு."

"ஏன், இதுலதானே முகம் முழுசாத் தெரியுது?"

"நானும் கேட்டேண்ணே. 'முகம் பார்த்துட்டேன். மூணு வரைக்கும் எனக்காகத் திரும்பினாரு. இது எனக்காகத் திரும்பினது இல்லை, படம் பிடிச்சவர்கிட்டக் குடுத்துடு'ன்னுச்சு."

அன்று வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின்னால் நிற்கிற பதினாலு பேரும் நான் சொன்னபடி கேமராவைப் பார்க்கிறார்கள். வேலாயுதத்தின் முகம் கேமராவை நோக்கி இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே, நான் குனிந்திருந்த இடத்தை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. எத்தனையோ முறை அளந்து பார்த்துவிட்டேன்.

தூக்கிப் போடுங்கள் என்கிறாள் மருமகள். போடமாட்டேன். இப்போது குடியிருக்கிற தோ பாயோ வீட்டில் என் அலமாரியில்தான் இருக்கிறது, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். காட்டிவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் நேரே கூடத்துக்கு வந்துவிடுவேன், திரும்பிப் பார்ப்பதில்லை. பயம் என்று நினைக்காதீர்கள், அந்த நேரத்தில் மனம் செலவுக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இரண்டு படச்சுருள் மூன்று வெள்ளி அறுபது காசு, காகிதமும் மருந்தும் நாலு வெள்ளி இருபது, ஜோசப்புக்கு பிரியாணி எண்பது காசு, தங்கராசின் கப்பலுக்கு நூற்றிருபது, அந்த நாலாவது படத்தைப் போட்டு வைக்க ஓர் உறை ஐந்து காசு. ஆக மொத்தம் நூற்றிருபத்தெட்டு வெள்ளி அறுபத்தைந்து காசு.