நான் ஆசைப்பட்ட வேலை

மூன்று வருடமாக நான் செய்துவந்தது ஒரே வேலை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் அரதப் பழசான சாஃப்ட்வேர். ஏதோ ஒரு பக்கம் திறக்கவில்லை என்று மெயில் வரும், நான் திறக்க வைப்பேன். கல்லூரியில் படித்ததெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. விட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்து, கடைசியில் அந்த யோசனைதான் என் முழுநேர வேலையாகிவிட்டது.

அம்மாவிடம் கேட்டால், "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிரும், பாத்துக்கோ" என்பாள். அப்பாவுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். "நீ ஏசியில இருந்து தும்மாம சம்பளம் வாங்குறே. பின்னே என்ன வேணும் மோளே?" என்றார்.

சரி, வேறு வேலை கிடைத்ததும் விடுவோம் என்று ஒரு வேலைத் தளத்தில் பயோடேட்டாவை ஏற்றினேன். மேனேஜர் கண்ணில் பட்டுத் தொலையுமோ என்ற பயத்தில், இப்போது இருக்கும் கம்பெனியின் பெயரை மட்டும் மறைத்துவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது, சென்னையில் ஒரு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மிளகாய் நெடியில் பேச முடியாமல் சந்துக்கு ஓடிவந்தேன்.

"உங்க ஊர்லயே ஒரு ஓப்பனிங் மேடம். கம்பெனி பேரு இப்ப சொல்லக் கூடாது. நல்ல குரோத், புதுசு புதுசா கத்துக்கலாம்."

அவள் முடிப்பதற்குள் "எனக்கு விருப்பம்தான்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

கழக்கூட்டத்தில் ஆபீஸ் என்றாள். என் ஆபீஸும் அங்கேதான்; ஐடி கம்பெனிகள் குவிந்துகிடக்கிற இடத்தில் ஆபீஸுக்கா பஞ்சம்? இன்சூரன்ஸ் புராஜெக்ட் என்றாள். அதுவும் சகஜம்தான். பிறகு சாஃப்ட்வேரின் பெயரையும் வெர்ஷனையும் படித்தாள். இந்த ஊரில் அந்த வெர்ஷனைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நான் ஒருத்திதான்.

என் நாற்காலியை எனக்கே விற்றுக்கொண்டிருந்தாள். நானும் வாங்குவதாகச் சொல்லியிருந்தேன்.

"எக்ஸ்ட்ராவா ஆள் எடுக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், ரீப்ளேஸ்மென்ட். இப்ப இருக்கறவங்க மூணு வருஷமா புதுசா ஒண்ணும் கத்துக்கலையாம்."

கோபம் வந்தது, அவமானமாகவும் இருந்தது. அதில் பொய் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. நான் போவதா இருப்பதா என்று மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருந்தேன். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்களும் யோசிக்கக்கூடும் என்பது என் மரமண்டைக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். அதான், நீங்களும் யார்ட்டயும் சொல்லிடாதீங்க. பாவம்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

திங்கட்கிழமை போய் ராஜினாமாவைக் கொடுத்தேன். மேனேஜர் பதறி எழுந்து மலையாளத்தில் புலம்பினார்.

"ஐயோ, நீ போயால் எங்ஙனே? நின்னைப் போல ஒராளை இனி எவிடே கிட்டும்?"

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. போனில் கேட்டதைவிட அதுதான் என்னை அதிகம் திகைக்க வைத்தது.

"கிட்டும் சார்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேனே.