கோல் வாங்காத அணியின் இடது பக்கம்

1. நாலு பத்து

அன்று மாலை நாலு பத்துக்கு எங்கள் கோச் கையைத் தட்டி லெஃப்ட் பேக்கை வெளியே கூப்பிட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கைதட்டலில் இருந்துதான் தொடங்கியது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், கார்களுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நர்ஸாக இருக்கிறேன். இந்தப் பக்கம் புதிது புதிதாக கம்பெனிகள் வருகின்றன. ஃபேக்டரி நர்ஸ் வேலைக்கு இளம்பெண்கள் பலர் வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி நம்மைத் தேடி வருவார். ஃபேக்டரியில் அடிபட்டவன் நம்மைக் கண்டால் ஒளிவான். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு அப்போது ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. சென்னை லீக்கில் ஆடும் டீம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ட்ரெய்னியாக வந்தவர்கள். காலையில் பாதி ஷிஃப்ட் லைனில் வேலை, பிறகு பிராக்டிஸ். சம்பளம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். சீசன் முடிந்ததும் நன்றாக ஆடியவர்களை பெர்மனன்ட் செய்வார்கள் என்ற பேச்சு இருந்தது. மேட்ச் அன்று ஐஸ் பெட்டியும் ஸ்பிரேயும் கொடுத்து என்னையும் டீம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள்.

அந்த லெஃப்ட் பேக் சரவணன் என் மகன்.

அந்த சீசனில் எங்கள் ஃபார்வர்டுகள் சுமார்தான். பேச்செல்லாம் டிஃபென்ஸைப் பற்றித்தான். எதிர் டீம்களின் பெரிய பெரிய ஸ்ட்ரைக்கர்கள் எங்கள் பெனால்டி பாக்ஸ் வரைக்கும் வந்துவிட்டு வெறுங்காலோடு திரும்பினார்கள். நடுவில் ஸ்டாப்பராக நின்றவன் முத்துராஜ். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். உயரம், நல்ல எட்டு வைத்து ஓடுவான், ஹெட்டிங்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனுக்கு இடது கைப்பக்கம் சரவணன். இருவரும் ஆட்டம் முழுக்க ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள்.

"முத்து, லெஃப்ட்ல ஆளு! முத்து, பின்னால! விடு, நான் பாத்துக்கறேன்!"

கேலரியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஒருமுறை சொன்னார்: "இன்னாம்மா உங்க பசங்க, மீன் மார்க்கெட்டு மாதிரி கூவிக்கினே கீறானுங்க?" பக்கத்தில் இருந்தவர் திருப்பிச் சொன்னார்: "கூவுனாலும் ஒரு மீனு கூட உள்ள போவல பாத்தியா?"

கோல் வாங்காத ஆட்டங்கள் கூடக் கூட, பர்சனல் டிபார்ட்மென்ட்டில் ஒரு யோசனை வந்தது. எங்கள் மெயின் கேட்டில் ஏற்கனவே ஒரு போர்டு உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, தினமும் எண்ணை மாற்றுவார்கள். அதற்குக் கீழேயே, 'கோல் வாங்காத ஆட்டங்கள்' என்று இன்னொரு போர்டைத் தொங்கவிட்டார்கள். விருந்தாளிகள் வந்தால் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள்.

கோச்சுக்கு மட்டும் ஒரு குறை. சரவணன் மேலே ஏறி ஆடுவதில்லை. "ஓவர்லாப் போடா, க்ராஸ் கொடுடா" என்று கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டிவிடும். இவன் பாதி மைதானம் வரை போய், எதையோ மறந்தவன் மாதிரி திரும்பி ஓடிவந்து முத்துராஜ் பக்கத்தில் நின்றுகொள்வான். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டும், இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோச் பொறுமை இழந்துவிட்டார்.

"உம் புள்ளைக்கு பயம் சிஸ்டர்" என்றார் என்னிடம், அவனை வெளியே கூப்பிட்டுவிட்டு.

சரவணன் மைதானத்தைவிட்டு வரமாட்டேன் என்றான். எந்த கோச்சிடமும் எதிர்த்துப் பேசாத பிள்ளை. "சார், என்னை மாத்தாதீங்க. வேற யாரை வேணா மாத்துங்க. சார், ப்ளீஸ் சார்." ரெஃப்ரி வந்து தள்ளாத குறையாக அனுப்பி வைத்தார். உள்ளே போன புதுப் பையன் கோச் ஆசைப்பட்டபடி மேலே மேலே ஏறினான்.

சிறிது நேரத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு உயரப் பந்து வந்தது. முத்துராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து அவன் காதோரம் தாண்டிப் போனது. கோல். அடுத்து அதே பக்கத்திலிருந்து இன்னொன்று. இந்த முறை பந்தோடு எதிர் டீம் ஆளும் வந்தான். அவன் முழங்கை முத்துராஜின் இடது புருவத்தில் இறங்கியது. எதிரே வருகிறவனைப் பார்த்து ஒதுங்கும் சின்ன அசைவு கூட முத்துராஜிடம் இல்லை. சுவரில் மோதியவன் போல விழுந்தான்.

2. எத்தனை விரல்

ஓடினேன். எனக்கு முன்னால் சரவணன் ஓடினான்.

முத்துராஜுக்கு நினைவு இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, லேசான அடிதான். நான் ஆடுதேன்" என்று எழப் பார்த்தான். படுக்க வைத்து டார்ச் அடித்தேன். வலது கண் சரியாக இருந்தது. இடது கண்ணின் பாப்பாவுக்குள், நீர் கலந்த பால் மாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. இப்போது விழுந்த முழங்கை அடிக்கு அப்படி ஆகாது. அது பல நாள் வேலை.

அவன் வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். மூன்று விரலைக் காட்டினேன்.

"எத்தனை விரல் முத்து?"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து, உதட்டை அசைக்காமல் பேசுகிற குரலில் சரவணன் சொன்னான்: "மூணு."

"மூணும்மா" என்றான் முத்துராஜ்.

நான் திரும்பி என் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ரைட் பேக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோல் கீப்பர் கையுறையைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிடத்தில் சீசன் முழுவதும் எனக்குப் புரிந்தது. ஊரே மெச்சிய அந்த டிஃபென்ஸ், இடது கண் தெரியாத ஒருவனைச் சுற்றி மற்றவர்கள் போட்ட வேலி. என் மகன் பயந்து மேலே ஏறாமல் இருக்கவில்லை. அவன் முத்துராஜின் இடது கண்ணாக நின்றிருக்கிறான்.

3. தீக்குச்சி

மைதானத்திலிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்ணுக்குள் ஒரு பொடி இரும்புத் துணுக்கு. வெளிக்காயம் எப்போதோ ஆறிவிட்டது. உள்ளே இரும்பு துருப்பிடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தது. உடனே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பார்வை எவ்வளவு திரும்பும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

நடந்ததை முத்துராஜ் சொன்னான். அவனுக்கு வேலை கிரைண்டிங் செக்‌ஷனில். வார்ப்பில் பிசிறு நீக்கும்போது ஏதோ தெறித்துக் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த செக்‌ஷனில் கண்ணில் துகள் விழுந்தால் என்னிடம் வரமாட்டார்கள். தீக்குச்சி நுனியில் துணி சுற்றி ஒருவருக்கொருவர் எடுத்துவிடுவார்கள். அதில் கைதேர்ந்தவர்களும் உண்டு. முத்துராஜுக்கும் எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போயிடுச்சு" என்றிருக்கிறார்கள்.

"என் கிட்ட வந்திருக்கலாமே கண்ணு?"

"எப்படிம்மா வார? நான் வந்தா நீங்க எழுதுவீய. எழுதினா கேட்டு போர்டு சைபராயிரும். செக்‌ஷன்ல எல்லா அண்ணமாரும் குக்கருக்குக் காத்துக்கிட்டு இருக்காவ. நேத்து வந்த பய, என்னால கெடணுமா?"

இதை வெளி ஆட்களுக்கு விளக்க வேண்டும். போர்டு ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் எல்லோருக்கும் ஒரு பரிசு உண்டு. அந்த வருடம் பிரஷர் குக்கர். ஒரு விபத்து பதிவானால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. குக்கர் வாங்க வக்கில்லாதவர்கள் யாரும் அங்கே இல்லை. ஆனால் 'யாரால் போனது' என்ற பேச்சு இருக்கிறதே, அதற்குத்தான் பயம். நான் தினமும் அந்த போர்டைக் கடந்துதான் உள்ளே போவேன். எண் ஏற ஏற எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சரவணனைக் கேட்டேன். "அம்மா நர்ஸுடா. எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"உங்கிட்ட எப்டிம்மா சொல்றது? அம்மாவா கேட்டுக்குவ, நர்ஸா எழுதிடுவ. மெடிக்கல் அன்ஃபிட்டுன்னு அவனை அனுப்பிடுவாங்க. சீசன் முடியட்டும், பெர்மனன்ட் ஆவட்டும்னு நாங்க நாலு பேரும் பேசி வெச்சிருந்தோம்."

"கண்ணு போயிருந்தா?"

அவன் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். முழங்கைக்கு மேல் ஒரு தீக்காயத் தழும்பு. வார்ப்பு லைனில் பட்டது, ஆறியே விட்டது. ஒரே வீட்டில் இருக்கிறோம். அவனுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன். எனக்குத் தெரியவில்லை. இன்றும் அவன் சாப்பிட உட்கார்ந்தால் இலையைப் பார்க்காமல் அவன் கையையும் கண்ணையும்தான் பார்க்கிறேன்.

4. யார் பார்த்தது

மறுநாள் விபத்து என்று பதிவு செய்தேன். மதியத்துக்குள் கேட்டில் எண் சைபரானது. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்த டேபிளில் இருந்தவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள். "சிஸ்டர் வந்துட்டாங்க, குக்கர் விசில் அடிச்சிடுச்சு" என்று ஒருவன் சொல்ல, ஒரு பெஞ்சே சிரித்தது.

கிரைண்டிங் சூப்பர்வைசர் ஏகாம்பரம் என் அறைக்கே வந்தார். காஞ்சிபுரத்துக்காரர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இன்னா சிஸ்டர் இது? அது எப்ப ஆச்சு, எங்க ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? வெறும் ஃபர்ஸ்ட் எய்டுன்னு போட்டுட்டுப் போங்களேன்."

"கண்ணுக்குள்ள இரும்பு இருக்கு ஏகாம்பரம் சார்."

"இருக்கட்டும். நான் இன்னா பண்றது? எனுக்கும் வூடு வாசல் கீது இல்ல?"

போய்விட்டார். அவர் மேல் எனக்கு அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவரை மேலே இருந்து எவ்வளவு பேர் அழுத்துகிறார்கள் என்பதும் தெரியும்.

பர்சனல் ஆபீசர் கத்தவே இல்லை. அவர் மென்மையாகப் பேசுகிறவர். "மேட்ச்ல அடிபட்டதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கம்மா. ஆபரேஷன் செலவை ஸ்போர்ட்ஸ் ஃபண்டுல பாத்துக்கலாம்."

"முழங்கை பட்டு இரும்பு எப்படி சார் கண்ணுக்குள்ள போகும்?"

"ரூம்ல, வழியில, ஏதோ ஒர்க் ஷாப்புல, எங்க வேணா போயிருக்கும். நம்ம லைன்லதான்னு யார் பார்த்தது? ஒருத்தர் வந்து சொல்லட்டும், நான் ஏத்துக்கறேன்."

இதில்தான் முத்துராஜின் வேலை தொங்கியது. லைனில் பட்ட காயம் என்றால் ட்ரெய்னியாக இருந்தாலும் அவனை எளிதில் வெளியேற்ற முடியாது. கண்ணுக்கு ஏற்ற வேறு வேலை கொடுக்க வேண்டும். ஆட்டத்தில் பட்டது என்று அவனே எழுதிக் கொடுத்தால் சீசனோடு கணக்கு முடிந்தது. செக்‌ஷனில் அத்தனை பேருக்கும் தெரியும். தீக்குச்சி பிடித்த கையும் அங்கேதான் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர் சொல்லும்படி முத்துராஜைக் கேட்டேன். "எனக்கு நல்லது செய்ய வந்தவங்கம்மா அவங்க. காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்றான்.

புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். போர்டில் சைபர் விபத்து என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். லைனுக்குள் நடந்து போய்க் கையையும் கண்ணையும் பாருங்கள். உங்களைக் கண்டு யார் சட்டைக் கையை இறக்கிவிடுகிறான் என்று கவனியுங்கள். நன்றாக நடக்கிற ஒரு டீமில், நன்றாக நடக்கிற ஒரு செக்‌ஷனில், யாரோ ஒருவன் வலியைத் தனக்குள் வைத்துக்கொண்டு நிற்கக்கூடும். அவனைக் காப்பாற்றும் கூட்டாளிகள் நல்லவர்கள்தான். ஆனால் நட்பால் ஒரு கண்ணுக்கு வைத்தியம் பார்த்துவிட முடியாது.

5. மூன்றாம் மாடி

ஆபரேஷன் நடந்தது. துணுக்கை எடுத்துவிட்டார்கள். வெளிச்சமும் உருவமும் தெரியும், அதற்கு மேல் போகப் போகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கண்ணில் கட்டோடு முத்துராஜ் மூன்றாம் மாடி வார்டில் படுத்திருந்தான். ஊரிலிருந்து அவன் அப்பாவால் உடனே வர முடியவில்லை. சரவணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். உரித்ததில் பாதியை அவனே தின்றான்.

"எனக்கு வாங்கினதா, ஒனக்கு வாங்கினதாலே?" என்றான் முத்துராஜ்.

"உன் லெஃப்ட் சைடுல இருக்கறதெல்லாம் என் ஏரியாடா."

அந்தச் சிரிப்பின் நடுவில் பர்சனல் ஆபீசர் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை வைத்தார். டைப் அடித்த தாளையும் பேனாவையும் எடுத்தார். மேட்சில் பட்ட அடி என்று அதில் இருந்தது.

"ஒரு ஃபார்மாலிட்டிதான் தம்பி."

நான், "வேண்டாம் முத்து" என்றேன். சரவணன் எழுந்து நின்றான். முத்துராஜ் எங்களைப் பார்க்கவில்லை. "விடுங்கம்மா. என்னால ஏற்கனவே எல்லாருக்கும் கஷ்டம். கையெழுத்துப் போட்டுட்டு ஊரைப் பாக்கப் போறேன்" என்று பேனாவுக்காகக் கையை நீட்டினான். ஒற்றைக் கண் பார்வைக்குத் தூரம் பிடிபடவில்லை. பேனாவுக்குச் சற்று இப்பால் அவன் விரல்கள் காற்றைப் பிடித்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வாசல் பக்கம் திரும்பினேன்.

அங்கே ஏகாம்பரம் நின்றிருந்தார். முதல் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மைக் கூட மாற்றாமல், கிரைண்டிங் தூசியோடு, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மாடி ஏறிய மூச்சு அடங்கவில்லை. கட்டிலில் இருந்தவனைத்தான் முதலில் பார்த்தார், கட்டைப் பார்த்தார், நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"அதுல கையெழுத்து வாங்காதீங்க சார். பையன் எங்கிட்ட சேஃப்டி கண்ணாடி கேட்டான். போட்டுக்கினு இருந்தது கீறிப்போயி ஒண்ணும் தெரிலன்னான். ஸ்டோர்ல இல்ல, லோடுக்கு லாரி வெயிட்டிங்ல கீது, இன்னைக்கு ஒரு நாளு கண்ணாடி இல்லாமயே மிஷின ஓட்டுடான்னு நாந்தான் சொன்னேன். நான் பாத்தேன் சார். என் பேரப் போட்டு எழுதுங்க."