நாலு நாள் ஓடிய படம்

சித்ரகலா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஓட்டை விழுந்த பனியன் ஒரு கட்டு அவள் கண்ணுக்குத் தப்பி பேக்கிங் வரைக்கும் போய்விட்டது. சின்ன முதலாளி பிரதீப் அந்தக் கட்டை மேசைமேல் வீசி, "எவ பார்த்தது இது?" என்று கத்தினான். கட்டிங் மாஸ்டர் மணியன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு அப்பவே காட்டுச்சுங்க தம்பி. நான்தான் பரவால்லைன்னு அனுப்பச் சொன்னேன்."

முழுப் பொய். அவருக்குக் கிடைத்த வசவு ஹால் முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு நாளும் அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை.

முதலிபாளையத்துக்குப் பக்கம் இருந்தது அந்தக் கம்பெனி. மணியனுக்குச் சொந்த ஊர் சோமனூர். சம்சாரம் போன பிறகு தனியாள். சீட்டு, குடி எதுவும் கிடையாது. அவருக்கிருந்த ஒரே பித்து சினிமா. அதுவும் ஊர் கொண்டாடிய படங்கள் இல்லை. வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போன படங்கள். அவற்றை எங்கெங்கோ தேடிப் பிடித்து போனில் ஏற்றி வைத்திருப்பார். மத்தியானம் சோற்று நேரத்தில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, தினம் அரை மணி நேரம் ஓட்டுவார். சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள்.

"ஏனுங்க மாஸ்டர், இதுல சண்டை எப்பத்தானுங்க வரும்?" என்பாள் தையல் ஞானாம்பாள்.

"சண்டை நடந்துட்டேதான் இருக்குது அம்மிணி. அந்தாளு மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சியத்தான் ஊட்டுல தினமும் பார்க்கறமே!"

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். "நல்லவனா கெட்டவனான்னு மொத சீன்லயே தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் எதுக்குங்க படம்?" என்பார்.

கடைசியாக ஓட்டியது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தியேட்டரில் நாலே நாள் ஓடியதாம். ரயில் வரும் நேரத்தில் கேட்டைத் திறக்கச் சொல்கிறார் பண்ணையார். வண்டி நசுங்கி ஒரு உயிர் போகிறது. பழி கேட்காரன் மேல் விழுகிறது. நடந்ததைப் பார்த்தவள் ஒரு பால்காரி மட்டும்தான். அவள் குடியிருப்பதோ பண்ணையார் தோட்டத்தில். அவள் கோர்ட்டுப் படியேறும் இடத்தில் கம்பெனி மணி அடித்துவிட்டது. மாஸ்டர் போனை எடுத்துப் பையில் வைத்தார்.

"மீதி நாளைக்கு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"சொல்லித்தானுங்க ஆகோணும்," என்றாள் சித்ரகலா பட்டென்று. "சாமிக்குப் பயந்தவ வேற என்ன பண்ணுவா? வாய மூடிட்டா அவளும் ஒரு பொம்பளையா?"

மாஸ்டர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

துணி வெட்டுகிறவர்கள், துணியை அமுக்கும் கைக்குக் கம்பியில் பின்னிய உறை போட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஆடிட் வரும் நாளில் எல்லார் கையிலும் உறை மினுங்கும். கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி வாங்கிப் பிரதீப் தன் அறையில் பூட்டிவிடுவான். தொலைந்துபோகுமாம். படம் பாதியில் நின்ற மறுநாள் காலையில் சித்ரகலா பழுதுப் பீஸைக் காட்டப் போனபோது, மாஸ்டர் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த உறையக் கொஞ்சம் குடுங்க. இந்தத் துணி ரொம்ப வழுக்குது."

"இன்னிக்கென்ன ஆடிட்டா? சாயங்காலம் லாரி வருது, வெட்டுங்க மாஸ்டர்."

அவளைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

மாஸ்டர் இடதுகைக்காரர். மிஷினை இடது கையால் தள்ளி, வலது கையால் துணியை அமுக்குவார். பத்தரை மணிக்கு அந்த வலது கையில் நடு மூன்று விரலும் போய்விட்டன. அவரை வேனில் ஏற்றிப் போனதும், ரத்தம் பட்ட துணியை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையைச் சித்ரகலாவிடம் கொடுத்தார்கள். அடுக்கி வெட்டிய துணியில் மேலே இருபது அடுக்குத்தான் பாழ். அடியில் இருந்தது அத்தனையும் அன்றைக்கே தையலுக்குப் போனது. லாரியும் நேரத்துக்குக் கிளம்பியது.

விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி வருகிறார் என்றதும், பிரதீப் அவளைக் கூப்பிடவில்லை. அவள் புருஷன் சசிகுமாரைக் கூப்பிட்டான். சசிகுமார் கம்பெனி வேன் டிரைவர். குடியிருப்பும் கம்பெனி லைன் வீடு.

"ஒரே ஒரு வார்த்தைதான் சித்ரா," என்றான் சசிகுமார் தட்டைப் பார்த்தபடி. "புள்ளைய இழுத்துட்டு எங்க போறது?"

அவள் சாமி விளக்கின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், ஒன்றும் கேட்காமலே எழுந்துவிட்டாள்.

மறுநாள் அந்த அதிகாரி, உறை கொடுத்தார்களா என்று அவளிடம் கேட்டார். எதிரே மாஸ்டர், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உறை குடுத்தாங்க சார்," என்றாள் சித்ரகலா. "மாஸ்டர்தான் போட்டுக்கலை."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். அன்றைக்குப் போலவே தலையை மட்டும் ஆட்டினார். குற்றம் அவர்மேல் எழுதப்பட்டது. வேலையும் போயிற்று.

"படத்துல வந்தவள மட்டும் என்ன கிழி கிழிச்ச!" என்றாள் ஞானாம்பாள். யாரும் சிரிக்கவில்லை. அதோடு அந்தச் சோற்றுக் கூட்டமும் நின்றுபோனது.

கிருத்திகையன்று சிவன்மலைக் கோயிலுக்குப் போய் வந்த சித்ரகலா, திருநீற்றுப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். மாஸ்டர் ஒரு பையோடு சோமனூருக்குக் கிளம்பி நின்றிருந்தார். திருநீற்றை இடது கையில் வாங்கும் வழக்கம் அவருக்கில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். உள்ளங்கையில் போட்டாள். நெற்றியில் இழுக்க அவருக்கு விரல் இல்லை. காற்றில் பாதி போயிற்று.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"அந்தப் பால்காரி கடைசில சொன்னாளாங்க மாஸ்டர்?"

பஸ் வந்து நின்றது. படியில் ஏறித் திரும்பினார். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"சொல்லலை அம்மிணி. அதுக்கப்புறமும் அவ நல்லாத்தான் இருந்தா. அதனாலதான் படத்த நாலு நாள்ல தூக்கிட்டாங்க."