நாமினி கட்டத்தில் நான் எழுதிய பெயர்

1. செய்தி வந்த நாள்

ஆண்டிமடம் செல்வராசு இறந்துபோன செய்தி ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில்தான் என் காதில் விழுந்தது. பண்ருட்டிக்குப் பருப்பு மூட்டை ஏற்றிப்போன லாரி வழியில் கவிழ்ந்து, மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனவர் அடியில் சிக்கிவிட்டார். முப்பத்தாறு வயது. மனைவி தனலட்சுமி, இரண்டு பெண் பிள்ளைகள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். செய்தி சொன்ன டீக்கடைக்காரர், "நல்லவேளை சார், ஒங்ககிட்ட பாலிசி போட்டிருந்தான். அந்தப் புள்ளைங்க பொழச்சுக்கும்" என்றார். நாமினி கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எழுதியவன் நான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

2. மார்ச் மாத அவசரம்

செல்வராசு சொந்தமாக முந்திரிக் கொட்டகை வைத்திருந்தார். கொட்டை வாங்கி, வறுத்து, உடைத்து, பருப்பை விற்பார். பத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். பாலிசி போட்டால் வருமான வரி கொஞ்சம் குறையும் என்று கணக்கு எழுதுபவர் சொன்னதால், அவரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு, ஒரு மார்ச் மாதக் கடைசி வாரம்.

மார்ச் என்றால் ஏஜெண்டுக்குப் பேய் பிடித்த மாதம். எங்கள் டெவலப்மென்ட் ஆபீசர் காலையில்தான் விரட்டியிருந்தார். "முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள இன்னும் ஆறு பாலிசி வேணும்யா. போற வூட்டுல எல்லாம் கதை கேட்டுட்டு உக்காந்துடாத!"

பெயர், வயது, உடம்புக்கு வந்த நோய் எல்லாம் எழுதி நாமினிக்கு வந்தேன். "யார் பேரு போடட்டும்?" என்றேன்.

"எம் பொஞ்சாதி பேருதான் சார். தனலட்சுமின்னு எழுதுங்க" என்றார் செல்வராசு.

மோர் கொண்டுவந்த தனலட்சுமி, "எம்பேரு எதுக்குங்க சார்?" என்று கேட்டாள்.

"அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, பணத்தை யார் கையில குடுக்கறதுன்னு..." நான் முடிக்கவில்லை.

"அய்யய்யோ! தாலி கழுத்துல இருக்கறப்பவே எம்பேரை எழுதுவாங்களா? அவரு சாவறதுக்கு நானே சம்மதம் சொன்ன மாதிரி ஆயிடும். வேணாஞ் சார். மூத்தாரு பேரை எழுதிக்குங்க. அவரு என்ன வேத்தாளா?"

செல்வராசு சிரித்தார். "வுடுங்க சார், அவ மனசு சங்கடப்பட வேணாம். அண்ணன் பேரே இருக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் இந்தப் பேச்சு புதிதல்ல. பாதி வீடுகளில் பெண்கள் இப்படித்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஏஜெண்டின் வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூத்த பெண்ணின் பெயரை நாமினியாக எழுதி, அவள் மேஜராகும் வரை பணத்தை வாங்கிக் கொடுக்க நம்பிக்கையான ஒருவரைப் போட்டிருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. மனைவி, குழந்தைகளுக்கென்றே பாலிசி எடுப்பதாகத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி ஒரு தாள் நிரப்பி இணைத்துவிட்டால், அந்தப் பணத்தைக் கடன்காரனும் தொட முடியாது, அண்ணனும் தொட முடியாது. அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. பத்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். கோவிந்தராசு என்று அண்ணன் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரீமியம் வாங்கப் போவேன். பருப்பும் வெல்லமும் கொடுப்பார்கள், தின்றுவிட்டு வருவேன். பெயரை மாற்ற ஒரு கடிதம் போதும் என்று ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை.

3. பஞ்சாயத்து

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கொட்டகையிலேயே பஞ்சாயத்து வைத்தார்கள். கிளைம் ஃபார்மோடு நானும் போயிருந்தேன். கோவிந்தராசு முந்திக்கொண்டார். "எந்தம்பி என்னை நம்பித்தான் எம்பேருக்கு எழுதிட்டுப் போயிருக்கான். இதுல பேச என்ன இருக்கு?"

தனலட்சுமி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "சார், அவரு மொதல்ல எம்பேரைத்தான் சொன்னாரு. நீங்க கேட்டீங்கல்ல? நாந்தான் புத்தி கெட்டு வேணாம்னேன். அதை மட்டும் இவங்ககிட்ட சொல்லுங்க சார்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயடைத்துப் போயிற்று என்று எழுதினால் அது பொய். நான் யோசித்தேன். அந்த ஊரில் கோவிந்தராசு வைத்ததுதான் சட்டம். அவர் கை காட்டினால் பத்துப் பாலிசி விழும், முகம் சுளித்தால் ஊருக்குள் கால் வைக்க முடியாது.

"ஃபார்ம்ல என்ன இருக்கோ அதாங்க. ஆபீஸ்ல அதைத்தான் பார்ப்பாங்க" என்றேன்.

அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். செக் கோவிந்தராசு பெயருக்கு வந்தது. அதை வைத்து அவர் அடமானத்தில் இருந்த தன் தோப்பை மீட்டார்.

அரியலூரில் ஒரு வக்கீலிடம் பிறகு விசாரித்தேன். "நாமினி பணத்தை வாங்குற கைதான்யா. பாத்தியதை வாரிசுங்களுக்குத்தான்னு கேஸ் போடலாம். ஆனா தம்பி தனக்கே குடுத்ததா அண்ணன் சாதிப்பான், அதுக்குச் சாட்சி வேணும், நீ வந்து சொல்லுவியா?" என்றார். சொல்வேன் என்று தனலட்சுமியிடம் போனேன். அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

"கோர்ட்டுக்குப் போனா மூத்தாரு இந்த வூட்டுல இருக்க வுடுவாரா சார்? ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வச்சிக்கிட்டு எங்க போவேன்?" என்றாள். அவ்வளவுதான்.

4. கற்றுக்கொண்டது

எண்பதுகளின் தொடக்கத்தில் வேறொரு முந்திரிக் கொட்டகைக்குப் பாலிசி போடப் போனேன். முதலாளியும் அவர் மனைவியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கொட்டை உடைக்கும் பெண்கள் வரிசையில் தனலட்சுமி கூலிக்கு இருந்தாள். கொட்டை ஓட்டிலிருந்து கசியும் காரப் பால் பட்டு விரல்கள் எல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தன. அவள் கொட்டகை வைத்திருந்தவள்; கொட்டை வாங்கக் கைப்பணம் இல்லாமல் அது மூடிப்போயிற்று.

நாமினி என்றதும் முதலாளியின் மனைவி முகம் சுளித்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் தனலட்சுமி, என் பக்கம் திரும்பாமலே, சுத்தியலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஒம்பேரையே எழுதச் சொல்லு. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லு. எதுவா இருந்தாலும் இப்பவே கேட்டுக்க. பின்னால இவரு பேச மாட்டாரு."

படித்துக் காட்டினேன். அன்று முதல், இருபது வருஷம், படித்துக் காட்டாமல் ஒரு ஃபார்மிலும் நான் கையெழுத்து வாங்கவில்லை. அதனால் தனலட்சுமிக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.